வழி விடுதலும் ஒரு வழிபாடே

முழுநிலா நாளொன்றின் மாலை நேரம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், உபதேசியார் ஓட்டிய இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் நாம் அமர்ந்திருந்தோம். நமது கிளைக் கிராமம் ஒன்றில் மூதாட்டி ஒருவர் இறுதி மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு நோயில் பூசுதல் வழங்க வேண்டுமென்று ஆள் வந்து அழைத்திருந்தது. இருபது நிமிடத்தில் கடக்கும் தொலைவுதான். ஆனால் அன்று முன்னும் பின்னும் பேருந்துகள், மகிழுந்துகள், வேன்கள். சாலையோர மண்ணிலும் வண்டிகள் இறங்கி நின்றுவிட்டதால், இருசக்கர வண்டி நுழையும் இடுக்கும் இல்லை. எல்லா வண்டிகளும் திருவண்ணாமலையை நோக்கியிருந்தன. கிரிவலத்திற்குச் செல்லும் மக்கள்.

நாம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூதாட்டியின் கண்கள் அதற்குள் மூடப்பட்டிருந்தன. அவருடைய மகன் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ரோட்டுல நின்னுட்டீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

அன்றிரவு திரும்பி வரும்போது நம் உள்ளத்தில் சினமே மிகுந்திருந்தது. இவர்கள் எல்லாரும் இதே நாளில், இதே வேளையில்தான் புறப்பட வேண்டுமா என்று உள்ளம் குமுறியது. வீடு வந்து சேருமுன் வேறொரு நினைவு குறுக்கிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில் திருவிழாத் தேர்ப்பவனி. ஊரின் ஒரே பெருஞ்சாலையில் தேர் அசைந்துவர, பேருந்தொன்று ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நின்றுவிட்டது. பேருந்தினுள் பேறுகால வலியோடு ஒரு பெண். அவளுடைய கணவன் இறங்கி ஓடிவந்து வழி கேட்டிருக்கிறான். "தேர் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நம் இளைஞர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள்தாம் அவளைச் சந்து வழியாக அழைத்துச் சென்று கரைசேர்த்தார்கள். தேரின் பின்னே நாம் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தோம். நடந்ததை மறுநாள்தான் அறிந்தோம்.

வழியை அடைத்தவர்களும் நாமே, அடைபட்டு நின்றவர்களும் நாமே. இந்த இரண்டு நினைவுகளும் சேர்ந்தே, கூட்டத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க நம்மைத் தூண்டின.

நடந்து சென்ற காலம்

திண்டிவனமும் விழுப்புரமும் தமக்கென்று பெருந்திருத்தலம் கொண்ட ஊர்கள் அல்ல. வழியில் உள்ள ஊர்கள். சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. ஒரு கிளை புதுவைக்கும், ஒரு கிளை விழுப்புரத்திற்கும், ஒரு கிளை செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் செல்கிறது. விழுப்புரமோ ஐந்து திசைக்கு இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு. மேல்மருவத்தூருக்குச் செல்லும் செவ்வாடை, வேளாங்கண்ணிக்குச் செல்லும் காவியுடை, சபரிமலைக்குச் செல்லும் கருப்பு வேட்டி எல்லாவற்றையும் இவ்வூர்களின் தேநீர்க் கடைகள் கண்டிருக்கின்றன. பங்குனி உத்திரத்தில் மயிலம் முருகன் கோவிலுக்கும், மாதந்தோறும் அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் விழாவுக்கும் மக்கள் இவ்வழியே செல்கிறார்கள். ஆயினும் இப்பகுதியின் பெருங்கூட்டம் என்றுமே திருவண்ணாமலைக் கூட்டந்தான்.

திருவண்ணாமலை ஒருகாலத்தில் நம் தென் ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1906இல் வெளிவந்த பிரான்சிசின் தென் ஆர்க்காடு மாவட்டக் கையேடு அதனைத் தன்னுள் அடக்கியே பேசுகிறது. கார்த்திகைத் தீபத்தோடு அங்கே மாட்டுச் சந்தையும் கூடும். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். கால்நடையாகச் செல்பவருக்கு அது இரண்டு அல்லது மூன்று நாள் வழி. மாட்டு வண்டி கட்டிச் சென்றாலும் இரவில் எங்கேனும் அவிழ்த்துப் போட்டுத்தான் செல்ல வேண்டும்.

நம் முன்னோர் அந்த வழியை எப்படி அமைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிழலுக்குப் புளியமரம், சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல், மாட்டுக்கும் மனிதனுக்கும் குளம், தாகத்திற்குத் தண்ணீர்ப் பந்தல், இரவு தங்கச் சத்திரம். திண்டிவனம் என்ற பெயரே புளியமரக் காட்டைக் குறிப்பதாகச் சொல்வர். இவற்றை நாம் அறச்செயல் என்று மட்டுமே எண்ணி வந்தோம். அவை கூட்டத்தை ஒழுங்குசெய்யும் ஏற்பாடாகவும் இருந்தன. வழியில் தங்குமிடம் இருந்தமையால் எல்லாரும் ஒரே வேளையில் வந்து குவியவில்லை. ஒரு குழு இன்று வந்தது. மற்றொரு குழு நாளை வந்தது. திரும்புவதும் அவ்வாறே. பெருங்கூட்டம் காலத்தின்மீது பரவிக் கிடந்தது.

அக்காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. அன்றைய கூட்டத்தில் வேறொரு சாவு ஒளிந்திருந்தது. 1867இல் அரித்துவாரில் கூடிய கும்பமேளாவிலிருந்து வீடு திரும்பியவர்கள் வாந்திபேதியையும் உடன்கொண்டு சென்றார்கள். வட இந்தியாவின் பல பகுதிகளில் அது பரவியது. நல்ல நீரும் கழிப்பிடமும் இல்லாத கூட்டம் எவ்வளவு மெல்ல வந்தாலும் ஆபத்தானதே என்பதை அரசுகள் அப்படித்தான் கற்றன. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் விழாக்களுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியது. திருவிழா நடத்துவது என்பது மக்களின் உடல்நலத்தைக் காப்பதையும் உள்ளடக்கியது என்ற எண்ணம் சட்டமாக மாறியது.

இருப்புப்பாதையும் பேருந்தும்

புகைவண்டி வந்தபோது முதல் மாற்றம் நிகழ்ந்தது. விழுப்புரம் – புதுவைப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. பின்னர்த் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதை அமைந்தது. இரண்டு நாள் நடை ஒரு காலைப்பொழுதாகச் சுருங்கியது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில், ஒரே மேடையில் இறங்கினார்கள்.

அடுத்தது பேருந்து. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997இல் பெயர் மாறி, இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரக் கோட்டமாக அது இயங்கி வருகிறது. தீபத்திற்கும் முழுநிலாவுக்கும் அமாவாசைக்கும் சிறப்புப் பேருந்துகள் விடுவது அதன் வழக்கமான பணிகளுள் ஒன்றாயிற்று. 1990களில் முழுநிலாதோறும் கிரிவலம் வருவோர் தொகை பெருகியது. ஆண்டுக்கு ஒருமுறை வந்த வெள்ளம் மாதத்திற்கு ஒருமுறை வரலாயிற்று. பிறகு சொந்த வண்டிகள் பெருகின. ஐம்பது பேரை ஒரு பேருந்து கொண்டுபோன இடத்தில், பத்துப் பன்னிரண்டு மகிழுந்துகள் சாலையை நிரப்புகின்றன.

ஆக, கூட்டம் பெருகியதைவிட வேகம் பெருகியதே நெரிசலுக்குப் பெருங்காரணம். சத்திரம் மறைந்தது, சுமைதாங்கிக் கல் சாலை அகலப்படுத்தலில் பெயர்ந்தது. தங்கும் இடமில்லாத வழியில் எல்லாரும் மாலையில் வந்து விடியலில் திரும்ப முயல்கிறார்கள். இடத்தில் ஏற்பட்டதாக நாம் காணும் நெருக்கடி, உண்மையில் காலத்தில் ஏற்பட்ட நெருக்கடி.

இதனைத் திருவண்ணாமலை நிருவாகம் மெல்ல உணர்ந்துகொண்டதாகத் தெரிகிறது. வேலூர், அவலூர்ப்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவலூர், மணலூர்ப்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி என ஒன்பது சாலைகள் அந்நகருக்குள் நுழைகின்றன. தீப நாள்களில் அச்சாலைகளிலேயே, நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. வெளியூர் வண்டிகள் அங்கேயே நின்றுவிடும்; மக்கள் நடந்தோ சிறு பேருந்திலோ உள்ளே செல்வர். பழைய சத்திரத்தின் மறுபிறப்பு என்றே இதனை நாம் கருதுகிறோம். ஆனால் நகருக்கு வெளியே நின்ற வரிசை பின்னோக்கி நீண்டால் செஞ்சியும் திண்டிவனமும் திணறுகின்றன. ஆகவே ஒழுங்கு தலத்தின் வாயிலில் தொடங்கினால் போதாது. வழியில் உள்ள ஊர்களிலேயே தொடங்க வேண்டும்.

உரோமையின் பாலம்

இந்தப் பாடத்தைத் திருச்சபையும் கண்ணீரோடுதான் கற்றது. 1300ஆம் ஆண்டைத் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் யூபிலி ஆண்டாக அறிவித்தார். திருப்பயணிகள் உரோமையில் வந்து குவிந்தார்கள். தூய பேதுரு பேராலயத்திற்குச் செல்ல டைபர் ஆற்றின்மேல் உள்ள வானதூதர் பாலத்தைக் கடக்க வேண்டும். செல்வோர் ஒரு பக்கமும் திரும்புவோர் மறுபக்கமுமாக அப்பாலம் பிரிக்கப்பட்டது. கவிஞர் தாந்தே இந்த ஏற்பாட்டைத் தம் பெருங்காப்பியத்தின் நரகப் பகுதியில் ஓர் உவமையாகவே எடுத்தாண்டிருக்கிறார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் 1450இல், திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் காலத்தில் மீண்டும் ஒரு யூபிலி. டிசம்பர் 19ஆம் நாள் பேராலயத்திலிருந்து திரும்பிய பெருங்கூட்டம் அதே பாலத்தில் ஏறியது. எதிரே கர்தினால் ஒருவரின் கோவேறு கழுதை. முன்னே நின்றவர்களால் நகர முடியவில்லை. பின்னே வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நெரிந்தும் ஆற்றில் வீழ்ந்தும் 170க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன்பின் பாலத்தின் முகப்பை நெருக்கிநின்ற வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டு வெளி உண்டாக்கப்பட்டது. இறந்தோர் நினைவாக இரண்டு சிற்றாலயங்களும் எழுப்பப்பட்டன. செபிக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நடக்கும் இடத்தையும் அகலப்படுத்தினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டின் யூபிலிக்கு முன்பாக, அந்தப் பாலத்திற்கு அருகிலேயே பியா சதுக்கத்தில் வண்டிகள் செல்லும் சாலை நிலத்தடிக்கு இறக்கப்பட்டது. மேற்பரப்பு நடப்பவர்களுக்கே உரியதாயிற்று. அங்கிருந்து புனித கதவு வரை திருப்பயணிகளுக்குத் தனிப்பாதை ஒதுக்கப்பட்டது; முன்பதிவு செய்து வருமாறும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 575 ஆண்டுகளுக்கு முன் மக்கள் நெரிந்து மடிந்த இடத்தின் அருகில், இன்று மக்கள் தடையின்றி நடக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய பாடம் உண்டு. 1992 பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ 50 பேர் நெரிசலில் இறந்தார்கள். ஒரே குளம், ஒரே நாள், ஒரே வேளை. அடுத்து வந்த 2004, 2016ஆம் ஆண்டு மகாமகங்களில் அத்தகைய துயரம் நிகழவில்லை. 2016இல் விழாவின் பத்து நாள்களிலும் மக்கள் பரவலாக வந்து நீராடினார்கள். கூட்டம் மீண்டும் காலத்தின்மீது பரப்பப்பட்டது. அடுத்த மகாமகம் 2028இல் வர இருக்கிறது.

நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை என்று இத்துறையை ஆய்ந்தவர்கள் கூறுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஆறு, ஏழு பேர் நிற்கும்போது, தனி மனிதன் தன் கால்களின்மேல் உரிமை இழந்துவிடுகிறான். கூட்டம் தண்ணீரைப் போல் அலையத் தொடங்குகிறது. நெஞ்சு விரிய இடமின்றி, நின்றபடியே மூச்சடைத்துச் சாகிறார்கள். "மக்கள் பீதியடைந்து ஓடினார்கள்" என்று நாம் எளிதாகப் பழி சுமத்துகிறோம். பெரும்பாலும் பழி மக்களுடையதன்று. ஒரே வாயிலை நுழைவுக்கும் வெளியேறலுக்கும் வைத்தவர்களுடையது.

கோட்டையின் வாயில்

இந்தக் கேள்வி நம் பகுதிக்கு இப்போது புதிதாகவும் எழுந்திருக்கிறது. 2025 சூலையில், மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் தமிழகத்தில் இருப்பது செஞ்சிக் கோட்டை ஒன்றே. 1677இல் சிவாசி கைப்பற்றிய கோட்டை. பின்னர் அவர் மகன் இராசாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டும் எளிதில் வீழாத கோட்டை. நம் மக்கள் அதனைத் தேசிங்குராசன் கோட்டை என்றே அழைப்பர்.

வருவோரைத் தடுத்து நிறுத்தவே கட்டப்பட்ட இடம் அது. வாயிலுக்குப் பின் வாயில், திருப்பத்திற்குப் பின் திருப்பம். இராசகிரியின் உச்சிக்குச் செல்ல, பாறைப் பிளவின்மேல் ஒரு சிறு பாலம். பகைவர் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். இன்று அதே வழியில் விருந்தினர் வர வேண்டும். கீழேயோ, திருவண்ணாமலை நெடுஞ்சாலை கோட்டை மதிலை ஊடறுத்தே செல்கிறது. முழுநிலாவும் விடுமுறை நாளும் ஒன்றுசேர்ந்தால் மலையேற வந்தோரும் கிரிவலம் செல்வோரும் ஒரே சாலையில் சந்திப்பார்கள். புகழ் வந்துவிட்டது, வண்டி நிறுத்துமிடமும், ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனி நேரமும், நிழலும், நீரும் அதற்கு ஈடாக வந்தாக வேண்டும். ஒரு விபத்துக்குப் பின் செய்வதை முன்னரே செய்தால் என்ன?

நற்செய்தியில் கூட்டம்

நற்செய்தியைக் கூட்டத்தின் கண்கொண்டு படித்தால் நாம் கவனியாமல் விட்ட சில வரிகள் ஒளிர்கின்றன. மக்கள் திரள் தம்மை நெருக்கிவிடாதபடி, தமக்காகப் படகொன்றை ஆயத்தமாக வைத்திருக்குமாறு இயேசு சீடரிடம் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். ஆண்டவர் கூட்டத்தை வெறுக்கவில்லை; ஆனால் அதன் ஆபத்தை அறிந்து, விலகும் வழியை முன்னரே வைத்தார். அப்பம் பகிர்ந்தபோது ஐயாயிரம் பேரை அப்படியே விட்டுவிடவில்லை. நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் புல்தரையில் அமரச் செய்தார். புதுமைக்கு முன் ஒழுங்கு வந்தது. அமர்ந்தவர்களை எவரும் தள்ள முடியாது. நலிந்தவருக்கும் பங்கு கிடைத்தது.

பன்னிரண்டு வயதில் பாஸ்கா விழாவுக்குச் சென்ற சிறுவன் இயேசு, ஊர் திரும்பும் கூட்டத்தில் இல்லை என்பதை ஒரு நாள் பயணத்திற்குப் பின்தான் மரியாவும் யோசேப்பும் அறிந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடும் தாயின் தவிப்பை நம் அன்னை அறிவாள். எந்தத் தலத்துக்குச் செல்லும் கூட்டமாயினும் அதிலே அத்தகைய தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்பது, தண்ணீர் கொடுக்கும் கைக்குத் தேவையற்ற கேள்வி.

நமது பங்கு

மூதாட்டியை அடக்கம் செய்த வாரத்தில் நம் பங்குப் பேரவையைக் கூட்டி இரண்டு செய்திகளை முன்வைத்தோம். ஒன்று, முழுநிலா நாள்களில் ஆலய வளாகத்தையும் கழிப்பறைகளையும் பயணிகளுக்குத் திறந்துவிடுவது. இதற்கு எதிர்ப்பு அதிகமில்லை. அன்பியத்தினர் முறைவைத்துக் குடத்தில் தண்ணீரும் வைக்கிறார்கள். சாலையோரம் நின்ற வண்டிகள் சில உள்ளே வந்து நிற்கின்றன. அந்த அளவுக்குச் சாலை அகன்றிருக்கிறது.

மற்றொன்று, நம் திருவிழாத் தேர் பெருஞ்சாலையில் ஒரு பாதியில் மட்டுமே வர வேண்டும், மறுபாதி கயிறு கட்டித் திறந்திருக்க வேண்டும், குறுகலான ஒரு தெருவைத் தவிர்க்க வேண்டும் என்பது. இதற்குத்தான் புயல் எழுந்தது. "எங்க தாத்தா காலத்துலேருந்து தேர் எங்க வாசலுக்கு வருது சாமி" என்று அத்தெருவின் பெரியவர் ஒருவர் கலங்கிய கண்களோடு எழுந்து நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று கூட்டங்கள் நடந்தன. இறுதியில், பவனிக்கு முந்திய நாள் மாலை, சிறு சப்பரத்தில் திருச்சுரூபத்தைத் தோளில் சுமந்து அத்தெருவுக்குக் கொண்டுசெல்வது என்று முடிவாயிற்று. பெரியவர் முழுமையாக மனம் ஒப்பினார் என்று சொல்ல மாட்டோம். ஆயினும் சப்பரம் வந்தபோது வாசலில் கோலமிட்டு, மெழுகுதிரி ஏந்தி நின்றார்.

கடந்த பவனியின்போது, பாட்டின் நடுவே அவசர ஊர்தி ஒன்றின் ஒலி கேட்டது. இளைஞர்கள் கயிற்றைப் பிடித்தபடி கூட்டத்தைச் சற்றே ஒதுக்கினார்கள். ஊர்தி திறந்திருந்த பாதியில் கடந்து சென்றது. உள்ளே யார் இருந்தார், எந்த ஊரார் என்பது நமக்குத் தெரியாது. தேர் நின்றது; செபமாலையில் அந்த அருள்நிறை மந்திரத்தை அவருக்காக ஒப்புக்கொடுத்தோம்; பின் நடந்தோம்.

அன்புடையீர், உங்கள் பங்கின் திருவிழாவும் அண்மையில் வரும். கொடியேற்றுவதற்கு முன் ஒருமுறை, தேர் வரும் பாதையில் நடந்து பாருங்கள். ஒரு நோயாளி வந்தால் எவ்வழியே செல்வார் என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், விடை கிடைக்கும் வரை பங்குத்தந்தையை விடாதீர்கள்.